காட்டுத்தீயும் நம் வீடும்: இணையத்தில் எங்கே படிப்பது?

"வீட்டுக்குப் பின்னாலேயே காடு தொடங்குகிறது. காட்டுத்தீ வந்தால் வீட்டை எப்படிக் காப்பது என்று தேடினால் நூறு பக்கம் வருகிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

படிக்கும் முன் ஒரு வீடியோ பாருங்கள். காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் அமெரிக்காவில் நடக்கும் ஐபிஹெச்எஸ் ஆய்வு மையம், முழு அளவில் வீட்டைக் கட்டி, ராட்சத மின்விசிறிகளால் அதன்மேல் கங்குகளை வாரி இறைத்துச் சோதித்திருக்கிறது. யூடியூபில் கிடைக்கும். சுவரடியில் மூடாக்காகப் போட்ட மரச்சில்லில் விழுந்த கங்கு, கொஞ்ச நேரம் புகைந்து, பிறகு எரிந்து சுவரில் ஏறுவதைப் பார்த்தால் பாதிப் பாடம் முடிந்தது.

நாம் பயப்படுவது காட்டிலிருந்து வரும் பெருந்தீச்சுவரை. ஆனால் ஜாக் கோஹன் என்ற தீ ஆய்வாளர் கனடாவில் நடத்திய சோதனைகளில் எரியும் காட்டிலிருந்து 10 மீட்டரில் வைத்த மரச்சுவர்களில் சில மட்டுமே பற்றின. 20, 30 மீட்டரில் வைத்தவை பற்றவில்லை. பெரும்பாலான வீடுகளைக் கொளுத்துவது காற்றில் பறந்து வரும் கங்குதான்.

இந்த அடிப்படையில் எழுதப்பட்டவைதான் அமெரிக்கத் தீப் பாதுகாப்பு அமைப்பான என்எஃப்பிஏவின் ஃபயர்வைஸ் பக்கங்களும் கலிஃபோர்னியா தீயணைப்புத் துறையான கால் ஃபயரின் பக்கங்களும். இரண்டில் ஒன்று போதும். வீட்டைச் சுற்றி 1.5 மீட்டர், 9 மீட்டர், 30 மீட்டர் என மூன்று வளையமாகப் பிரித்துச் சொல்வார்கள். போனில் அந்தப் பட்டியலைத் திறந்துகொண்டு வீட்டை ஒரு சுற்று வாருங்கள். முதல் 1.5 மீட்டரைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்: வாசலில் தேங்காய்நார் மிதியடி, சுவரோரம் அடுக்கிய விறகு, கூரையோரத்தில் மழைநீர் வடியும் பள்ளத்தில் சேர்ந்த சருகு, வலை இல்லாத வென்டிலேட்டர். வலை உலோகமாக இருக்கட்டும், கண் 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பிளாஸ்டிக் வலை உருகிவிடும். இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது. ஆனாலும் பலர் 30 மீட்டர் தள்ளி நிற்கும் மரத்தை வெட்டுவதில்தான் முதலில் இறங்குகிறார்கள்!

சரி, எப்போது கிளம்புவது? இதற்கு ஆஸ்திரேலியர்களைப் படியுங்கள். நியூ சவுத் வேல்ஸ் ஊரகத் தீயணைப்புப் படையின் தளத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து நிரப்பும் திட்டப் படிவம் இருக்கிறது. அங்கே 2022 முதல் தீ அபாயத்தை நான்கு நிலைகளாக அறிவிக்கிறார்கள். உச்ச நிலை என்றால், எவ்வளவு தயாரான வீடாக இருந்தாலும் தங்காதே, முன்கூட்டியே கிளம்பு என்பதுதான் அறிவுரை.

அப்புறம், நாசாவின் ஃபிர்ம்ஸ் வரைபடம். செயற்கைக்கோள் கண்ட வெப்பம் புள்ளிகளாகத் தெரியும். இலவசம், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் படம் எடுத்து நம் கண்ணுக்கு வர மூன்று மணி நேரம் வரை ஆகலாம். ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய 375 மீட்டர் சதுரம், சில சமயம் 1 கிலோமீட்டர். தீ அதற்குள் எங்கே என்று தெரியாது. மேகம் மறைத்தால் புள்ளியே வராது. சுற்றுவட்டாரத்தைப் புரிந்துகொள்ள அதை வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முடிவுக்கு உங்கள் பகுதி தீயணைப்புத் துறையின் எச்சரிக்கையை மட்டும் பாருங்கள். அதுவும் வரும்வரை காத்திருக்காமல், புகை நெருங்கினாலே கிளம்பிவிடுங்கள்.

நிரப்பிய படிவத்தை அச்செடுத்துக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். தீ நாளில் கரண்டும் டவரும் இருக்கும் என்று நம்ப முடியாது.