தாத்தா ஆல்பத்தில் இருக்கும் புதுச்சேரி முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டைப் பழைய கட்டடப் படங்கள் எந்த வருஷத்தவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படங்களின் பின்னால் ஒன்றும் எழுதவில்லை, வீடுகள் எங்கே இருந்தன என்றும் தெரியவில்லை என்கிறீர்கள். முதலில் ஒன்று: எதையும் ஆல்பத்திலிருந்து பிடுங்காதீர்கள். கறுப்பு அட்டையில் மூலை ஒட்டி வைத்த படம் தானாகக் கழன்று வரும். பசைத்தாளில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடிய ஆல்பம் என்றால், மெழுகு பூசாத பல் நூலை (டென்டல் ஃபிளாஸ்)ப் படத்துக்கும் தாளுக்கும் நடுவே மெல்ல அறுத்துக்கொண்டு போங்கள். ஹேர் டிரையர் சூடு காட்டினால் படம் சுருண்டுவிடும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைக் கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்துவிடுங்கள். உரித்தால் முகப்பு மொத்தமும் கண்ணாடியோடு போய்விடும்.

ஸ்கேன் 600 டிபிஐ. 6க்கு 6 அல்லது 6க்கு 9 செ.மீ. அளவுச் சின்னப் படங்களுக்கு 1200. டிஃப் கோப்பாக ஒன்று வைத்துக்கொண்டு, அனுப்ப ஜேபெக் எடுங்கள். வெறும் அட்டையாக இருந்தாலும் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரை மங்கலாக இருந்தால் அதில்தான் தெரியவரும்.

இனி வருஷம். எல்லாரும் வீட்டைப் பார்த்து வயது சொல்கிறார்கள். அது தப்பு. வீடு எவ்வளவு பழையதாகவும் இருக்கலாம். படத்தில் இருப்பதிலேயே புதிய பொருள் எது என்று தேடுங்கள். படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. கரண்ட் கம்பம், கான்கிரீட் சன்ஷேடு, சுவரில் சினிமா போஸ்டர் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கூரையில் நாட்டு ஓட்டுக்குப் பதிலாகத் தட்டையான சீமை ஓடு இருந்தால் 1865க்குப் பிறகு, ஏனென்றால் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே அந்த வருஷம்தான். நம் பக்கம் அது பரவியது இன்னும் பிந்தி. ரோடியர் நெசவு மில் தெரிந்தால் 1898க்குப் பிறகு. சவானா மில் படம் என்றால் உடனே 1936 என்று எழுதிவிடாதீர்கள். ஜூலை 30 துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் இறந்ததால் அந்த வருஷம் எல்லார் மனதிலும் நிற்கிறது, அவ்வளவுதான். மில் அதற்கு முன்னும் பின்னும் இருந்தது.

கடைப் பலகை இருந்தால் அதிர்ஷ்டம். ‘லை’, ‘னை’ எழுத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். துதிக்கை மாதிரி மேலே சுழித்த பழைய வடிவமா, இன்றைய வடிவமா? தமிழ்நாட்டில் சீர்திருத்த எழுத்துக்கு அரசாணை வந்தது 1978இல். பலகை எழுதுகிறவர்கள் பழைய வடிவத்தை அதன் பிறகும் விடவில்லை, அதனால் துதிக்கை இருப்பது மட்டும் சாட்சி ஆகாது. புது வடிவம் இருந்தால் பெரும்பாலும் பிந்திய படம். ஆனால் பெரியார் 1935இலேயே தம் குடியரசு இதழில் அந்த எழுத்துகளைக் கொண்டுவந்துவிட்டார், அவர் இயக்கத்தார் எழுதிய சுவரெழுத்தாக இருந்தால் ஏமாந்துவிடுவீர்கள்.

அடுத்தது, படம் வலம் இடம் மாறிப் பிரிண்ட் ஆகியிருக்கிறதா? பலகை இல்லாவிட்டால் ஆட்களைப் பாருங்கள். சட்டைப் பை வலது மார்பில் இருந்தால், முந்தானை எல்லாருக்கும் வலது தோளில் விழுந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். ஐயர் வீட்டு மடிசாருக்கு முந்தானை வலப்பக்கம்தான், அதை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

நிழலும் திசை சொல்லும். புதுச்சேரி கிட்டத்தட்ட 12 பாகை வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சி வெயில் வடக்கிலிருந்து விழும். மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து. நிழல் குட்டையாக இருந்து தெற்குப் பார்த்த வாசல் பளிச்சென்று இருந்தால் அது ஏப்ரல் கடைசிக்கும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துக்கும் நடுவில் எடுத்த படம் இல்லை.

இடத்தைக் கண்டுபிடிக்க நிறத்தையும் கதவையும் நம்பாதீர்கள், மாடி ஜன்னல்களை எண்ணுங்கள். நம்மூர் வீடுகளில் கீழே தமிழ் முறையில் திண்ணையும் மரத்தூண் நிறுத்திய தெருத் தாழ்வாரமும், மேலே பிரெஞ்சு பாணியில் வளைவு ஜன்னலும் இருக்கும். கீழ்த்தளம்தான் முதலில் மாறும்: திண்ணையை இடித்து ஷட்டர் போடுவார்கள், தாழ்வாரம் சாக்கடை வேலையில் போகும். மாடியில் ஜன்னல் எத்தனை, நடுவே ஒட்டுத்தூண் எத்தனை என்பது பெரும்பாலும் அப்படியே இருக்கும். தாழ்வாரம் போன இடத்தில் உத்தரம் சொருகிய குழிகள் பூச்சுக்கு அடியில் வரிசையாகத் தடம் காட்டும். வைசியாள் வீதி மாதிரிப் புதுப்பித்த தெருவில் தாழ்வாரத்தைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள் என்பதால் அங்கே இந்தக் கணக்கு செல்லாது. கடற்கரை மேரி (பழைய நகராட்சி) கட்டடமும் அப்படித்தான். 2014இல் இடிந்து விழுந்து, அதே தோற்றத்தில் கட்டியது இப்போது நிற்பது.

அதே இடத்தில் நின்று படம் எடுக்கும்போது மொபைலில் 2எக்ஸ் வையுங்கள். சாதாரண லென்ஸ் அகலம் அதிகம், பழைய பாக்ஸ் கேமராவோடு ஒத்துவராது. பழைய படத்தில் முன்னால் உள்ள தூணின் ஓரம் பின்னால் எந்த ஜன்னலை வெட்டுகிறதோ, அதே வெட்டு கிடைக்கும்வரை நகருங்கள்.

கட்டடக்கலை படித்தவர்கள் இதில் குறை சொல்லலாம். வருஷத்தை மட்டும் எழுதாமல் ‘இன்ன வருஷத்துக்குப் பிறகு’ என்று எழுதச் சொல்கிறேன், அதற்கு இந்த முறை போதும்.

கேட்காத ஒன்றும் சொல்லிவிடுகிறேன். கண்காட்சிக்கு, மலருக்கு என்று ஆல்பத்தை வாங்கிக்கொண்டு போய், மூலை கிழிந்து திருப்பித் தருகிறார்கள், சிலர் தருவதே இல்லை. கலர் ஏற்றித் தங்கள் பெயரைக் குறுக்கே போட்டுச் சுற்றவிடுகிறார்கள். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரை மஞ்சளாக்கி, ‘அந்தக் காலத்து நிறம்’ என்று அடுத்தவர் நம்பும்படி ஆகிவிட்டது. அசலை யாருக்கும் கொடுக்காதீர்கள், ஸ்கேன் மட்டும் கொடுங்கள்.

பின்னால் எழுதுவதற்கு 4பி பென்சில், கட்டடம் இல்லாத ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயிண்ட் முன்பக்கம் புடைத்துவிடும். கடல் காற்று அடிக்கும் சுவரோரம் உள்ள இரும்பு பீரோவில் வைக்காதீர்கள். சிலிகா ஜெல் பொட்டலத்தோடு அட்டைப்பெட்டியில், மாடி வெயில் படாத உள் அறையில் வையுங்கள்.