பேட் கம்பெனி 2 வீடியோ கேமில் வீடே இடிந்து விழுமே, அந்த உணர்வு அதே வரிசையில் வந்த பேட்டில்ஃபீல்டு 6-ல் இருக்கிறதா? கொழிஞ்சாம்பாறையில் நாலு பேர் சேர்ந்து ஆட வாங்கலாமா?

கேள்வியில் நீங்கள் கொடுத்த விவரம் இது: மூன்று பேர் பாலக்காட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை, ஒருவர் வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம். இரண்டு லேப்டாப், ஐ5-9300ஹெச் ப்ராசஸர், ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம். மற்ற இரண்டும் டெஸ்க்டாப், ஆர்டிஎக்ஸ் 3060. நால்வரும் பழைய பேட் கம்பெனி 2 ஆட்கள்.

இடிப்பு இருக்கிறது, ஆனால் அதே இடிப்பு இல்லை. டெஸ்க்டாப்காரர்கள் வாங்கலாம். லேப்டாப்காரர்கள் வாங்க வேண்டாம்.

பழையதில் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் புதியதில் எதை எதிர்பார்க்கலாம் என்பது புரியும். 2008-ல் வந்த முதல் பேட் கம்பெனியில் சுவர் போகும், வீட்டின் எலும்புக்கூடு நிற்கும். 2010 மார்ச்சில் வந்த இரண்டாவதில்தான் கேமை உருவாக்கிய டைஸ் நிறுவனம் முழு வீட்டையும் கீழே இறக்கியது. பார்ப்பதற்கு இயற்பியல் போலத் தெரிந்தாலும் உள்ளே நடப்பது வெறும் கணக்கு. வெளிச்சுவர் பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஒவ்வொரு துண்டுக்கும் தனித் தாங்குதிறன். ஒரு துண்டு போனால் அங்கே ஓட்டை. பெரும்பாலான துண்டுகள் போய்விட்டால் வீடு சில நொடிகள் முனகும், பிறகு மொத்தமாக அமரும்.

2020 ஜனவரியில் கொச்சி மரடில் நாலு அடுக்குமாடிகளை இடித்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். அங்கே தூண்களில் துளை போட்டு வெடிமருந்து வைத்தார்கள். தூண் போனதும் மேலே இருப்பது தன் எடையாலேயே இறங்கியது. கேமில் தூண் என்பதே கிடையாது, வெளிச்சுவர்தான் தூண். இதை மறந்துவிட்டுத்தான் பலர் ஒரே ஓட்டைக்குள் மூன்று ராக்கெட் விடுவார்கள். உடைந்த இடத்தில் அடித்தால் கணக்கில் எதுவும் ஏறாது. பத்தடி நகர்ந்து, முழுசாக நிற்கும் பக்கத்தில் அடிக்க வேண்டும். டேங்க் ஓட்டுபவர் நின்ற இடத்திலிருந்தே சுடாமல் வீட்டைச் சுற்றி வந்தால் பாதிக் குண்டிலேயே வேலை முடிந்துவிடும்.

இதனால்தான் ஓர் அணி எம்-காம் எனும் பெட்டிகளை அழிக்க, மற்றது காக்கும் ரஷ் ஆட்டம் அவ்வளவு பதற்றமாக இருந்தது. எம்-காம் பெட்டி வீட்டுக்குள் இருந்தால், வீட்டைச் சாய்த்தாலே பெட்டியும் போய்விடும். எதிரி உள்ளே வந்து குண்டு வைக்க வேண்டிய அவசியமே இல்லை. காப்பவர்கள் செய்யும் வழக்கமான தப்பு, பெட்டிக்குப் பக்கத்தில் வாசலைப் பார்த்துத் துப்பாக்கியோடு உட்கார்வது. கூரை அவர்கள் தலையில்தான் விழும். டேங்கை அடிக்கும் ராக்கெட் வைத்திருக்கும் இன்ஜினியர் ஒருவர் வீட்டுக்கு வெளியே, டேங்க் வரும் வழிக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். குறி காட்டும் ஊசியான ட்ரேசர் டார்ட்டை ஒருவர் டேங்கில் ஒட்டவைத்தால், இன்னொருவரின் ராக்கெட் அதைத் தேடிப் போகும். முனகல் சத்தம் கேட்டால் படிக்கட்டைத் தேடாதீர்கள், ஜன்னல் வழியே குதியுங்கள்.

நேரம் போகப் போக வரைபடமே மாறிவிடும் என்பதும் உண்டு. தொடக்கத்தில் வீடு, மதில், தோப்பு எல்லாம் இருக்கும்போது ஷாட்கன்னுக்கு மரியாதை. பத்து நிமிடம் கழித்து ஊரே வெட்டவெளி, அப்போது ஸ்னைப்பர் ராஜா. முதலில் எடுத்த ஆயுதத்தையே கடைசிவரை பிடித்துக்கொண்டிருப்பவர் தோற்பது திறமைக் குறைவால் அல்ல. அந்தக் கட்டத்தில் தாக்குதல் வீரரான அசால்ட்காரர் 40 மிமீ புகைக்குண்டு எடுத்தால் போதும், போன சுவருக்குப் பதில் புகைச்சுவர் கிடைக்கும். மலையாளத்தில் ‘பொளி’ என்றால் இடித்துத் தள்ளுவது, அதே சொல்தான் இன்று ‘சூப்பர்’ என்பதற்கும். உங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த கேமை விளக்க அது ஒன்றே போதும்.

நடுவில் வந்தவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். 2013-ன் பேட்டில்ஃபீல்டு 4-ல் ஷாங்காய் கோபுரம் சாயும். முதல் தடவை வாய் பிளப்போம், பத்தாவது தடவையும் அதே கோபுரம் அதே மாதிரி சாயும்போது திருவிழா வாணவேடிக்கை போலத்தான் இருக்கும். 2018-ன் ஐந்தாவதில் மணல்மூட்டை அடுக்கிக் காப்பு கட்டலாம், அது நல்ல யோசனை. 2021-ல் வந்த ‘பேட்டில்ஃபீல்டு 2042’-ல் ஒரே ஆட்டத்தில் 128 பேரை இறக்கிவிட்டு இடிப்பைச் சுருக்கிவிட்டார்கள்.

இப்போது 6. 2025 அக்டோபர் 10-ல் வெளியானது. பேட் கம்பெனி 2 ஊரைத் தரைமட்டமாக்கும் என்றால், இது கட்டடத்தின் தோலை உரிக்கும். முகப்பு போகும், உட்சுவர் போகும், சின்னக் கட்டடங்கள் விழும். பெரியவற்றில் பலதின் உடற்கூடு நின்றுவிடும். கெய்ரோ, புரூக்ளின் தெருக்களில் இதை நன்றாகப் பார்க்கலாம். குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது, ஏனென்றால் விழுந்த இடிபாடு இங்கே அப்படியே கிடக்கும், அதன் பின்னால் படுத்துக்கொள்ளலாம். கடைசி நிமிடத்திலும் வரைபடம் மொட்டைத் திடலாகாது.

ஆடும்போது சில விஷயம். சுவரோடு முதுகை ஒட்டி நிற்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள். வெளியே வெடித்தால் சுவரோடு நீங்களும் போவீர்கள். மூன்றடி உள்ளே தள்ளி, ஜன்னலுக்கு நேராக இல்லாமல் சாய்வாக நில்லுங்கள். ஆர்பிஜி ராக்கெட் வைத்திருப்பவர் ஜன்னலுக்குள் குறிவைக்கத் தேவையில்லை. ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரை உடைத்தால் ஒளிந்திருப்பவருக்கு மறைவே இருக்காது, அடுத்த ஆள் சுட்டுக்கொள்ளலாம். சம்மட்டியை யாரும் மதிப்பதில்லை, ஆனால் கதவில் கண்ணி இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் பக்கத்துச் சுவரில் நமக்கென்று ஒரு கதவு போட்டுக்கொள்ள அதுதான் வழி. சத்தம் கேட்கும், அடித்ததும் நின்றுவிடாமல் உள்ளே நுழைந்துவிடுங்கள்.

நெட் விஷயம் இந்த மாதிரி கேமில் இரண்டு மடங்கு முக்கியம். சுவர் உடைந்ததா இல்லையா என்று முடிவு செய்வது சர்வர். உங்கள் திரையில் பறக்கும் தூசி, சிறு கற்கள் எல்லாம் உங்கள் கணினி தானே காட்டும் அலங்காரம். அவற்றின் பின்னால் ஒளிந்து பயனில்லை. பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம் அதிகமானால், உங்கள் கண்ணுக்கு இன்னும் நிற்கும் சுவர் சர்வர் கணக்கில் எப்போதோ போயிருக்கும், ‘சுவருக்குள் புகுந்து சுட்டான்’ என்று நீங்கள் கத்துவீர்கள். 60 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நிம்மதி, 120-ஐத் தாண்டினால் வேறு நேரத்தில் ஆடுங்கள். நால்வரையும் ஒரே குழுவாகச் சேர்க்கும் பார்ட்டியைத் தொடங்குபவர் நல்ல இணைப்பு உள்ளவராக இருக்கட்டும். கேரள எல்லையில் மொபைல் சிக்னல் இரண்டு பக்க டவருக்கும் தாவும் இடங்கள் உண்டு, அங்கே ஹாட்ஸ்பாட்டை நம்பாதீர்கள். ஃபைபர் இருந்தால் வைஃபையை விட்டு லேன் கேபிள் போடுங்கள்.

லேப்டாப்புக்கு ஏன் வேண்டாம் என்றேன்? குறைந்தபட்சத் தேவையே ஆர்டிஎக்ஸ் 2060, ஐ5-8400, 16 ஜிபி ரேம். ரேமை ஏற்றலாம், லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் கார்டை மாற்ற முடியாது. ‘9300 என்பது 8400-ஐ விடப் பெரிய எண்தானே’ என்று ஏமாறவும் வேண்டாம், 9300ஹெச்சில் நாலு கோர், 8400-ல் ஆறு. இடிப்பின் பாரம் ப்ராசஸர் தலையில்தான் விழுகிறது. அமைதியான நேரத்தில் ஓடும் கேம், முகப்பு சரியும் அந்த நொடியில் திக்கும், சாவதும் அந்த நொடியில்தான். கிராஃபிக்ஸைக் குறைத்தால் புகையும் நிழலும் குறையும், இடிப்புக் கணக்கு குறையாது. அது எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாக வேண்டும். போதாததற்குப் பாலக்காட்டு மார்ச், ஏப்ரல் வெயில். ப்ராசஸர் 95 டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டெஸ்க்டாப்காரர்களும் அந்த மாதங்களில் திரைக்காட்சி பிரேமை நொடிக்கு 60-ல் கட்டிவைப்பது நல்லது.

டெஸ்க்டாப்பில் இன்னொரு பூட்டு உண்டு: கணினி தொடங்கும்போது மென்பொருளைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் ஆன் ஆகவில்லை என்றால் கேம் திறக்காது. விண்டோஸின் ரன்னில் எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) என்று அடித்து, பயாஸ் மோட் யுஇஎஃப்ஐ-யா லெகசியா என்று பாருங்கள். லெகசி என்றால் டிஸ்க் பெரும்பாலும் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கும். அவசரப்பட்டு பயாஸில் பழைய முறையை ஓடவிடும் சிஎஸ்எம்-ஐ அணைத்தால் விண்டோஸ் ஏறாது. முதலில் டேட்டாவை வேறு டிஸ்க்கில் எடுத்துவைத்து, டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு, பிட்லாக்கரை நிறுத்திவையுங்கள். பிறகு நிர்வாகி உரிமையுள்ள கமாண்ட் பிராம்ப்டில் டிஸ்க் முறையை மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி (mbr2gpt) கருவியை ‘வேலிடேட்’ (சோதனை) என்று ஓட்டிப் பார்த்து, சரி என்றால் மட்டும் ‘கன்வெர்ட்’ (மாற்றம்). டிஸ்க்கில் மூன்று பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தால் வேலிடேட்டிலேயே நின்றுவிடும். மாற்றியதும் பயாஸில் யுஇஎஃப்ஐ, அதன்பின் செக்யூர் பூட். இடியும் மழையும் இருக்கும் சாயங்காலம் இதைத் தொடாதீர்கள், நடுவில் கரண்ட் போனால் டிஸ்க் கதி அதோகதி. யுபிஎஸ் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

நாலு பேரும் சேர்ந்தேதான் ஆட வேண்டும் என்றால், பேட் கம்பெனி 2-க்குத் திரும்புவதும் முடியாது. 2023 ஏப்ரலில் கடையிலிருந்து எடுத்தார்கள், அந்த டிசம்பர் 8-ல் அதிகாரபூர்வ ஆன்லைனும் நின்றது. பழைய காப்பி இருந்தால் கதைப் பகுதி மட்டும் ஓடும். தி ஃபைனல்ஸ் என்ற கேம் இலவசம், இடிப்பு அருமை, மொத்தத்தையும் சர்வரே கணக்கிடுகிறது. ஆனால் அதன் முக்கிய ஆட்டத்தில் மூன்று பேர் அணி, உங்களில் ஒருவர் வெளியே. ஆகவே என் பரிந்துரை ரெயின்போ சிக்ஸ் சீஜ். 2025 ஜூனிலிருந்து இலவசமாகத் தொடங்கலாம், அந்த லேப்டாப்பில் ஓடும், ஐந்து பேர் அணியில் நாலு பேர் உங்களவர்கள். கட்டடம் விழாது, ஆனால் சுவர் ஒவ்வொன்றும் கேள்வி: சாதாரணச் சுவரை ஷாட்கன்னே பிளக்கும், இரும்புத் தகடு போட்டு வலுப்படுத்தியதைத் திறக்க தெர்மைட், ஹிபானா மாதிரி ஆட்கள் வேண்டும். முதல் 45 நொடி ஆயத்தத்தில் எந்தச் சுவரை மூடுவது என்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும்.

கடைசியாக, எந்த கேம் என்றாலும் ஹெட்செட்டில் என்ன சொல்வது என்று முன்பே பேசிவையுங்கள். கொழிஞ்சாம்பாறைக்காரர் அவசரத்தில் ‘எறங்கு’ என்றால் மலையாள வழக்கில் வீட்டைவிட்டு வெளியே வா என்று அர்த்தம். எல்லைக்கு அந்தப் பக்க நண்பர் அதைக் கேட்டுக் கீழ்த்தளத்துக்கு இறங்குவார். கூரை அங்கேதான் வரும். ‘வெளியே’ என்று மட்டும் சொல்லுங்கள். சுவர்களுக்கு வாசல் பக்கம் ஒன்று, அங்கிருந்து கடிகாரச் சுற்றில் இரண்டு, மூன்று, நாலு. ‘ரெண்டு போச்சு’ என்றால் நாலு பேருக்கும் ஒரே சுவர்.