பொட்டு அடைச்ச மதில்

அன்புள்ள அக்கா,
போன மாதம் எங்கட ஒழுங்கையில வைச்சு சித்தியின்ர சங்கிலியை அறுத்துக்கொண்டு போட்டாங்கள். அதோட, ஒரு குற்றம் ஏன் அந்த இடத்தில, அந்த நேரத்தில நடந்தது எண்டு ஆராயுற குற்ற விஞ்ஞானம் படிக்க ஆசை வந்திருக்கு. எங்க படிக்கலாம்? போர், வறுமையை விட்டுட்டு உடனடிக் காரணத்தைப் பாக்கிறது மேலோட்டமில்லையா? இப்பத்தப் பெடியள் கெட்டுப்போனதுதானே உண்மை?
— ஒரு மாணவி, கோண்டாவில்

தங்கச்சி,
சித்தி எப்பிடி இருக்கிறா? கழுத்துக் காயம் ஆறினாலும் மோட்டச்சைக்கிள் சத்தத்துக்குத் திடுக்கிடுறது லேசில போகாது, அவவைத் தனிய விடாதேங்கோ.

படிக்கிறதெண்டா லண்டன் யூனிவர்சிட்டி கொலிஜ்ல ஜில் டாண்டோ பேரில 2001ல இருந்து இந்தப் படிப்புக்கு ஒரு நிறுவனம் இருக்கு, 1999ல வீட்டு வாசல்ல சுட்டுக்கொல்லப்பட்ட பிபிசி அறிவிப்பாளர் அவ. மிச்சத்தை நீங்களே தேடுவியள்.

"பெடியள் கெட்டுப்போனாங்கள்" எண்டதுதான் எனக்குக் கோவம். விஞ்ஞானம் படிக்கப்போற பிள்ளை எழுதுற கதையே இது? எங்கட அம்மம்மா வீட்டில களவு போனப்பவும் ஊர் இதைத்தான் சொன்னது, சொல்லி ஒரு பெடியனை லைற் போஸ்ற்ல கட்டி அடிச்சவை, உதடு கிழிஞ்சு சேட்டெல்லாம் ரத்தம், அவன் எடுக்கேல்லை எண்டு பிறகுதான் தெரிஞ்சது. நான் படலையடியில நிண்டனான், வாய் திறக்கேல்லை.

ஏன் அந்த வீடு, ஏன் பின்னேரம் மூண்டு மணி எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. முந்தி அது கிடுகு வேலி, அதில ஆள் நுழையிற அளவுக்கு ஒரு பொட்டு, பக்கத்து வீட்டு மாமி அதுக்குள்ளால வந்து போவா, அம்மம்மா இருமினாலே அங்கால கேக்கும். வெளிநாட்டுக் காசு வந்து ஆறடி மதில் எழும்ப பொட்டும் அடைபட்டுப் போச்சு, கள்ளன் உள்ள குதிச்சாப் பிறகு அந்த மதில் அவனுக்குத்தான் காவல். போரும் வறுமையும் பொய்யெண்டு ஆர் சொன்னது? ஆனா அதுகள் ஒழுங்கை முழுக்க இருந்தது, களவு போனது ஒரு வீட்டிலதானே.

மேற்கு ஜேர்மனியில 1980ல ஹெல்மெட் போடாட்டி அந்த இடத்திலயே தண்டம் எண்டு கொண்டுவந்தவை, தலையைக் காக்கத்தான். ஆனா அந்த வருசம் 150,000 அளவில இருந்த மோட்டச்சைக்கிள் களவு 1986ல 54,000 அளவுக்கு விழுந்துட்டுது. கண்ட உடனே ஏறி ஓடுறவனிட்ட ஹெல்மெட் இராது, இல்லாமல் ஓடினா பொலிஸ் மறிக்கும், அவ்வளவுதான். ஆறு வருசத்தில அங்கத்தப் பெடியள் எல்லாம் திருந்தினவங்களோ, சொல்லுங்கோ?

சங்கிலி போன இடத்தில அதே நேரத்துக்கு ஒரு கிழமை போய் நில்லுங்கோ, தனிய இல்லை, ஆரையும் கூட்டிக்கொண்டு. எந்த வீட்டு ஜன்னல் ஒழுங்கையைப் பாக்குது, மோட்டச்சைக்கிள் எந்தப் பக்கத்தால திரும்பி ஓடலாம், ஆர் அந்த நேரம் வெளியில நிக்கினம் எண்டு கொப்பியில எழுதி எனக்கு அனுப்புங்கோ.