யார் கையால் வாங்குவீர்கள்?

அன்புள்ள ஐயா,

இறையியல் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறேன். வார இறுதியில் ஒரு கிராமச் சபையில் களப்பணி. ஊழியம் என்றால் ஆத்தும ஆதாயம்தான், ஆட்களை ரட்சிப்புக்குள் கொண்டுவருவதுதான் என்கிறார்கள் மூத்த போதகர்கள். மருத்துவ முகாம், இலவச டியூஷன், தலித் கிறிஸ்தவர் உரிமை என்று இறங்கச் சொல்கிறார்கள் பேராசிரியர்கள். ஆராதனையை யூடியூபில் போடலாமா என்று இளைஞர்கள் வேறு கேட்கிறார்கள். எதைப் பிடித்துக்கொள்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

களப்பணிக்குப் போன இடத்தில் குழம்பியிருக்கிறீர்கள், சந்தோஷம். குழப்பமே இல்லாத போதகர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

யூடியூபை இளைஞர்களிடமே விட்டுவிடுங்கள். ஆத்துமாவா சமூகமா என்ற பட்டிமன்றம் எனக்கு அலுத்துவிட்டது. இரண்டு அணிக்கும் போதகர் கொடுப்பவர், ஜனங்கள் வாங்குபவர்கள். ஒருவர் ரட்சிப்பைக் கொடுக்கிறார், இன்னொருவர் மாத்திரை கொடுக்கிறார். போதகர் யாரிடம் எதை வாங்குகிறார் என்று யாரும் கேட்பதில்லை. கொஞ்ச நாளாக என் மண்டையில் ஓடுவது இதுதான்.

தரங்கம்பாடி புராட்டஸ்டண்ட் மிஷனில் ராஜநாயக்கன் என்று ஒரு உபதேசியார், அதாவது குருப்பட்டம் பெறாத போதனை ஊழியர். தஞ்சைப் படையில் சிப்பாயாக இருந்தவர், பறையர். 1733இல் ஆரோன், புராட்டஸ்டண்ட் சபையின் முதல் இந்தியப் போதகராகக் குருப்பட்டம் பெற்றார், அவர் வெள்ளாளர். அடுத்த ஆளைத் தேடியபோது ராஜநாயக்கன் பெயரும் வந்தது. அவர் கையால் திருவிருந்து அப்பம் வாங்க மற்றச் சாதிச் சபையார் சம்மதிக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டார்கள். 1741இல் தியோகு என்ற இன்னொருவர் போதகரானார். ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார்தான். போதிக்கலாம், அப்பம் கொடுக்கக் கூடாது. காது தீட்டுப்படாது போலிருக்கிறது.

பழைய கதை என்று தள்ளாதீர்கள். ஒரு போதகரோடு வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தேன். தலித் விடுதலை பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர். காலனியில் ஒரு வீட்டில் பிள்ளையின் தலையில் கைவைத்து உருக்கமாக ஜெபித்தார். ஆமென் சொல்லிக் கண் திறந்தால் ஸ்டூலில் சில்வர் டம்ளரில் காப்பி. “இப்பதாம்மா குடிச்சேன்” என்று எழுந்துவிட்டார். அந்த அம்மா மறுபடி சொல்லவில்லை, டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மேலத்தெருவில் அடுத்த வீட்டில் காப்பியோடு முறுக்கும் ஆயிற்று. வெளியே வந்ததும் கேட்டேன். “சுகர் இருக்குல்ல, அளவாத்தான் குடிக்கணும்” என்றார்.

யாக்கோபின் கிணற்றடியில் இயேசு எடுத்த எடுப்பில் போதிக்கவில்லை. தாகமாக இருக்கிறது, தண்ணீர் கொடு என்றார், யூதர் புழங்காத ஒரு சமாரியப் பெண்ணிடம். ஜீவத்தண்ணீர் பேச்செல்லாம் அதற்கப்புறம்தான். நம் பிரசங்கிகள் அந்த முதல் வரியைத் தாண்டிக் குதித்து நேரே ஜீவத்தண்ணீருக்குப் போய்விடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் பிரசங்கித்திருப்பீர்கள்.

அப்புறம் அந்த உரிமை விஷயம். 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியிருப்பது அநியாயம், போராடத்தான் வேண்டும். ஆனால் தில்லிக்கு மனு அனுப்புகிற அதே கமிட்டி, போதகர் மாற்றல் நேரத்தில் “அந்தச் சபைக்கு அவர் சரிப்பட்டு வர மாட்டார்” என்று கிசுகிசுக்கிறதே, அது உங்களுக்கு எந்தப் பாடத்தில் வருகிறது?

நீங்கள் என்ன சாதி என்று கடிதத்தில் இல்லை, எனக்கும் வேண்டாம். கமிட்டி விசாரித்து வைத்திருக்கும். சரிப்பட்டு வராத ஒருவரை ஒதுக்கிவிட்டு அந்த இடத்துக்கு உங்களை அனுப்பினால் போக மாட்டேன் என்பீர்களா? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.