காட்டுத்தீ அபாயம்: வெப்பநிலைக்கு முன் ஈரப்பதத்தைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் தோட்டம் காட்டை ஒட்டியுள்ளது. கைபேசியில் வரும் வானிலை முன்னறிவிப்பைக் கொண்டு, காட்டுத்தீ பரவக்கூடிய நாள்களை முன்கூட்டியே அறிய முடியுமா? மூன்று நாள்களுக்கு முன் மழை பெய்ததால் இப்போதைக்குக் கவலையில்லை என்று கொள்ளலாமா?

பதில்: ஓரளவுக்கு அறிய முடியும். ஆனால் பலரும் முதலில் பார்க்கும் உச்ச வெப்பநிலை மட்டும் அதற்குப் போதாது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறது என்பதே முதற்கேள்வி. அதற்கு முன்னறிவிப்பில் உள்ள ஒப்பு ஈரப்பதத்தை, அதாவது அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பனிநிலை, அதாவது காற்று குளிரும்போது அதிலுள்ள நீராவி துளிகளாகத் தொடங்கும் வெப்பநிலை, தரப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. பனிநிலை 10 டிகிரி செல்சியஸ் உள்ள காற்று, 25 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 39 சதவீத ஒப்பு ஈரப்பதத்தைக் காட்டும். அதே காற்று 40 டிகிரிக்குச் சூடேறினால் அது 17 சதவீதத்துக்கு இறங்கிவிடும். காற்றிலுள்ள நீராவி குறையவில்லை. சருகிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் அதன் ஆற்றல்தான் பெருகியிருக்கிறது. ஆகவே வெப்பநிலை ஏறும்போது பனிநிலையும் சரிகிறது என்றால், அந்த நாளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

இரவு நேர ஈரப்பதத்தையும் பார்க்கத் தவறாதீர்கள். வழக்கமாக இரவில் ஈரப்பதம் உயர்ந்து சருகுகள் சற்று நனையும். அவ்வாறு உயராத இரவுகள் அடுத்தடுத்து வந்தால், ஒவ்வொரு நாளும் முந்தைய நாள் விட்ட வறட்சியிலிருந்தே தொடங்குகிறது. எச்சரிக்கைகளிலும் பேச்சிலும் அதிகம் இடம்பெறாத இந்த அடையாளத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

உங்கள் மழைக் கேள்விக்கு விடை, எது எரியப்போகிறது என்பதைப் பொறுத்தது. 6 மில்லிமீட்டருக்கும் மெல்லிய காய்ந்த புல்லும் சுள்ளியும் சுற்றியுள்ள காற்றின் வறட்சிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இணங்கிவிடும். 75 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த கட்டைகளுக்கு 1,000 மணி நேரம், அதாவது 40 நாள்களுக்கு மேல் ஆகும். எனவே மூன்று நாள் பழைய மழை கட்டைகளை இன்னும் காத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் தீ முதலில் பற்றிப் பரவுவது காய்ந்த புல்லில் என்பதால், வெயிலும் வறண்ட காற்றும் இருந்திருந்தால் அந்த மழையை நம்பியிருக்க இயலாது. புல் இன்னும் பச்சையாக இருந்தால் மட்டுமே நிலைமை வேறு. கனடாவில் உருவாகிப் பல நாடுகளில் பயன்படும் தீ வானிலைக் குறியீடும் இதே காரணத்தால்தான் மேற்பரப்புச் சருகு, அதன் அடியிலுள்ள மட்கு, ஆழமான அடுக்கு ஆகிய மூன்றின் வறட்சியையும் தனித்தனியே கணக்கிடுகிறது. அதன்படி 24 மணி நேரத்தில் 2.8 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தால்தான் ஆழ அடுக்கு சிறிதேனும் நனைந்ததாகக் கொள்ளப்படும்.

அடுத்தது காற்று. முன்னறிவிப்பில் தரப்படுவது பெரும்பாலும் சராசரி வேகமே. திடீர் வீச்சுகள் அதைவிட வேகமாக இருக்கும் என்பதால், அவை தனியே தரப்பட்டிருந்தால் அவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தைவிடவும் நான் அஞ்சுவது திசை மாற்றத்தை. நீண்டு ஓடும் தீயின் பக்கவாட்டு விளிம்பு, காற்று திரும்பிய கணத்தில் பல கிலோமீட்டர் அகலமான முன்முனையாக மாறிவிடும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 அன்று மெல்போர்னில் 46.4 டிகிரி வெப்பம் பதிவானது. அன்று மாலை குளிர்முகப்பு ஒன்று, அதாவது முன்னேறி வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு, கடந்தபோது காற்றின் திசை திரும்பியது பேரழிவைப் பெருக்கியது. அந்தத் தீயில் 173 பேர் இறந்தனர். வெப்பத்தைத் தணிக்கப்போகும் குளிர்முகப்பே, வந்து சேரும் அந்தச் சில மணி நேரத்தில் மிகக் கொடியதாகவும் இருக்கக்கூடும்.

எத்தனை நாள் முன்பாக நம்பலாம் என்றால், வெப்பமும் வறட்சியும் கூடும் போக்கை ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே கவனிக்கலாம். காற்று திரும்பும் நேரத்தை ஓரிரு நாள்களுக்கு முன்பு மட்டுமே ஓரளவு உறுதியாகக் கொள்ளலாம். மழையில்லா இடிமின்னல் எங்கே விழும் என்பது சில மணி நேரம் முன்புதான் தெளிவாகும். ஆகவே வாரத் தொடக்கத்தில் சந்தேகத்துக்குரிய நாள்களைக் குறித்துக்கொண்டு, அந்நாளுக்கு முந்தைய மாலையிலும் அன்று காலையிலும் முன்னறிவிப்பை மீண்டும் பாருங்கள். அந்த நாள்களில் குப்பை எரிப்பதையும், தீப்பொறி பறக்கும் இயந்திர வேலைகளையும் தள்ளிவையுங்கள். உங்கள் பகுதித் தீயணைப்புத் துறையோ வனத்துறையோ எச்சரிக்கை விடுத்திருந்தால், உங்கள் கணிப்பு எதுவாக இருந்தாலும் அதையே பின்பற்றுங்கள்.