கால் போகிறது, பதில் வரவில்லை: ஜிஆர்பிசி கேள்வி-பதில்

ஜிஆர்பிசி என்பது ஒரு நிரல் நெட்வொர்க் வழியாக இன்னொரு நிரலைக் கூப்பிட்டு வேலை வாங்கும் முறை. அப்படிப் போடும் அழைப்புதான் கால், கூப்பிடும் பக்கம் கிளையன்ட், பதில் தரும் பக்கம் சர்வர்.

கிளையன்ட் அப்படியே உறைந்து நிற்கிறது. பிழைகூட வரவில்லை. சர்வர் விழுந்துவிட்டதா?

விழுந்திருந்தால் பெரும்பாலும் "அன்அவெய்லபிள்" என்றாவது சொல்லியிருக்கும். டெட்லைன், அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் கால வரம்பு, வைத்தீர்களா? ஜிஆர்பிசியில் நாமாக வைக்காவிட்டால் டெட்லைன் என்று ஒன்று கிடையாது, போட்ட கால் ஒரு நாள் முழுக்கக்கூட காத்திருக்கும். முதலில் 2 நொடி வைத்துப் பாருங்கள், அப்புறம் சர்வர் லாகில் அந்தக் கால் வந்து சேர்ந்ததா என்று தேடுங்கள்.

சாப்பிட்டுவிட்டு வந்து போடும் முதல் கால் மட்டும் கால் மணி நேரம் தொங்குகிறது. எங்கள் சர்வர் அசூரில் (மைக்ரோசாஃப்ட் கிளவுட்), வரும் இணைப்புகளைச் சர்வர்களுக்குப் பிரித்துவிடும் லோட் பேலன்சருக்குப் பின்னால் இருக்கிறது.

இதே சிக்கலில் டேட்டாபேஸைத் திட்டிக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்தவன் நான். அசூர் லோட் பேலன்சர் வழக்கமாக 4 நிமிடம் சும்மா கிடக்கும் இணைப்பை மறந்துவிடும், அதையும் யாருக்கும் சொல்லாமல். உங்கள் கிளையன்ட் பழைய இணைப்பு உயிரோடிருப்பதாக நம்பி அதிலேயே அனுப்ப, லினக்ஸ் 15 முறை மறுபடி மறுபடி முயன்று தோற்றுப்போக ஏறக்குறைய அந்தக் கால் மணி நேரம்தான் ஆகும். கீப்அலைவ் போடுங்கள், அதாவது இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று அவ்வப்போது சின்னதாக ஒரு பிங் அனுப்பிப் பார்க்கும் வசதி. கால் எதுவும் ஓடாதபோதும் பிங் போகும்படி "பெர்மிட் வித்அவுட் ஸ்ட்ரீம்" என்பதை இரண்டு பக்கமும் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாட்டு நேரத்தில் பிங்கே போகாது. வேடிக்கை என்னவென்றால், சர்வர் தானாக 5 நிமிடத்துக்கு ஒரு பிங்குக்கு மேல் பொறுத்துக்கொள்ளாது. அடிக்கடி அனுப்பினால் "டூ மெனி பிங்ஸ்" என்று இணைப்பையே மூடிவிடும். லோட் பேலன்சருக்கோ 4 நிமிடம்தான் பொறுமை! அதனால் சர்வரிலும் அந்த அளவை 1 நிமிடம் என்று இறக்கிவிட்டு, கிளையன்டில் பிங் இடைவெளியை 2 நிமிடம் வையுங்கள்.

பைத்தான் சர்வர். சிபியு சும்மா இருக்கிறது, ஆனால் 11-வது ஆள் வந்ததும் நின்றுவிடுகிறது.

மேக்ஸ் ஒர்க்கர்ஸ் (ஒரே நேரத்தில் வேலை செய்யும் த்ரெட்களின் உச்ச எண்ணிக்கை) 10 என்று எழுதியிருப்பீர்கள், சரியா? அசிங்க்ஐஓ (ஒரே த்ரெட்டில் பல கால்களை மாற்றி மாற்றிக் கவனிக்கும் பைத்தான் வழி) இல்லாத சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஸ்ட்ரீமும், அதாவது நீண்டு தொடரும் காலும், ஒரு த்ரெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பத்துப் பேர் ஸ்ட்ரீமைத் திறந்து வைத்திருந்தால் பதினோராவது ஆளுக்கு இடமில்லை. த்ரெட்டைக் கூட்டலாம், நானாக இருந்தால் அசிங்க்ஐஓவுக்கே மாறிவிடுவேன்.

குபர்னெட்டீஸில் 3 பாட் (சர்வரின் நகல்கள்) இருந்தும் ஒன்று மட்டும் திணறுகிறது.

ஜிஆர்பிசி ஒரே இணைப்பை நீண்ட நேரம் பிடித்துக்கொள்ளும், பாட்களுக்கு முன்னால் நிற்கும் குபர்னெட்டீஸின் சாதாரண சர்வீஸோ இணைப்பைத்தான் பங்கு போடும், கால்களை அல்ல. எல்லா பாட்களின் முகவரியையும் நேரடியாகத் தரும் ஹெட்லெஸ் சர்வீஸ், கிளையன்டில் கால்களை முறைவைத்து அனுப்பும் ரவுண்ட் ராபின். அவ்வளவுதான்.