பேச்சிப்பாறையிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: நாட்டின் பொருளாதாரக் கொள்கை பற்றி நாகர்கோவிலில் பொது விவாதக் கூட்டம் என்று நோட்டீஸ் தந்தார்கள். ஒரு ஏக்கர் ரப்பரை நம்பியிருக்கும் எனக்கு அங்கே என்ன வேலை? டெல்லியில் எடுக்கிற முடிவு நாம் பேசி மாறுமா?
- ரப்பர் விவசாயி, பேச்சிப்பாறை

பதில்: கட்டாயம் போங்கள். மழையையும் மரத்தையும் மட்டும் பார்த்து ஷீட் (ரப்பர் பாலை உறையவைத்து உலர்த்திய தகடு) விலை ஏறி இறங்குவதில்லை. இயற்கை ரப்பரை இறக்குமதி செய்தால் 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இதில் எது குறைவோ அது தீர்வை. ஆனால் ரசாயனம் கலந்த கூட்டு ரப்பருக்கு 10 சதவீதம்தான் இருந்தது. இந்த இடைவெளியால் நம் ரப்பருக்கு அடி விழுகிறது என்று விவசாயிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2023 பட்ஜெட்டில் கூட்டு ரப்பருக்கும் அதே தீர்வை வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது.

ஆனால் போகும்போது, எது யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். இறக்குமதித் தீர்வை மத்திய அரசின் கையில். கோட்டயத்தில் இருக்கிற ரப்பர் வாரியம் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. நெல்லுக்கும் கொப்பரைக்கும் மத்திய அரசு அறிவிக்கிற குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் ரப்பர் இல்லை. விலை சரியும்போது கைகொடுக்கிற ஊக்கத்தொகையை மாநில அரசும் தரலாம். களியக்காவிளை தாண்டினால் கேரளம் 2015 முதல் தன் விவசாயிகளுக்குத் தருகிறது. இது தெரியாமல் எல்லாவற்றையும் மேடையில் இருப்பவர் தலையில் போட்டால், "அது எங்கள் துறை இல்லை" என்று எளிதாக நழுவிவிடுவார்.

தக்கலையில் இப்படி ஒரு கூட்டத்தில் ஓர் அக்கா பேசியது எனக்கு மறக்கவில்லை. அதுவரை பேசியவர்கள் எல்லாரும் உலகமயமாக்கல் என்று பொதுவாகப் பேசினார்கள். அவர் ஷீட் விற்ற கடைச் சீட்டையும், அதே நாள் பத்திரிகையில் வந்த கோட்டயம் சந்தை விலையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டி, "எனக்கு ஏன் இவ்வளவு குறைவு, தரம் பிரித்தது யார்?" என்று கேட்டார். மேடையில் இருந்தவர்கள் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தார்கள். அப்புறம் கூட்டம் முழுக்க அதைப் பற்றியே பேச்சு. நீங்களும் உங்கள் சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே ஒரு கேள்வி போதும். அதை எழுதி, கையெழுத்துப் போட்டு, கூட்டம் நடத்துகிறவர்களிடம் கொடுங்கள்.

இன்னொன்று. மத்திய அரசு புதுச் சட்டம் கொண்டுவருமுன் வரைவை வெளியிட்டு, குறைந்தது 30 நாள் மக்கள் கருத்துக்கு விட வேண்டும் என்பது 2014 முதல் கொள்கை. 1947-ன் ரப்பர் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதியது கொண்டுவர 2022-ல் வரைவு வந்தபோது அப்படிக் கருத்து கேட்டார்கள். நம் பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்களில் எத்தனை பேர் காதுக்கு அது எட்டியது? கூட்டம் நடத்துகிறவர்களிடம் இதையும் கேளுங்கள்: அடுத்த வரைவு வரும்போது தமிழில் எங்களுக்கு யார் சொல்வீர்கள்?

கேள்வி: மத்திய அரசு விஷயத்தைக் கிராம சபையில் பேசலாமா?
- அதே வாசகர்

பதில்: பேசலாம். தீர்மானம் டெல்லியைக் கட்டுப்படுத்தாது, ஆனால் ஊரே சொன்னதற்குப் பதிவு இருக்கும். வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டதும் கிளம்பிவிடாதீர்கள். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இதில் எது முதலில் வருகிறதோ அதிலேயே தொடங்குங்கள்.